நாயும் பலகையும்: சித்தூர் – திருப்பதிப் பகுதியின் பொதுவிட அறிவிப்புத் தமிழ் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியம், சமயம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டுள்ளன. நான்கைந்து சொற்களில் முடிந்துவிடும் ஒரு பூங்காப் பலகையின் மொழிபெயர்ப்புப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. பலகை இலக்கியம் அன்று. அதற்கு ஆசிரியர் பெயரும் இல்லை. ஆயினும் ஒரு நூலைப் படிப்போரைக் காட்டிலும் பன்மடங்கினர் ஒரு பலகையைப் படிக்கின்றனர். படித்த அக்கணமே அதன்படி நடக்கவோ நடக்காதிருக்கவோ செய்கின்றனர்.

லான்ட்ரி, பூரிஸ் ஆகிய இருவரும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர் 'மொழி நிலக்காட்சி' என்னும் ஆய்வுப் பிரிவு வளர்ந்தது. ஒரு நகரின் பலகைகளில் எந்தெந்த மொழிகள் இடம்பெறுகின்றன, எம்மொழி மேலே நிற்கிறது, எதன் எழுத்துப் பெரியது என்பவற்றை அது கணக்கிடுகிறது. கணக்கிடுதல் பயனுடையதே. ஆனால் அவ்வாய்வு பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறது. பலகையில் தமிழ் இருக்கிறது என்பது ஒன்று. அத்தமிழ் தன் வேலையைச் செய்கிறது என்பது வேறொன்று. இரண்டாவதையே இக்கட்டுரை நோக்குகிறது. நாய்களைக் குறித்த அறிவிப்புகள் என்ற சிறு வட்டத்தை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. நகர்ப்புறப் பூங்காவில் நாய்க்கு இடம் உண்டா என்ற வினா இன்று நாடெங்கும் எழுந்துள்ளது. ஐதராபாத்தின் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்கா 2018இல் திறக்கப்பட்டது. பெங்களூரு கப்பன் பூங்காவில் வளர்ப்பு நாய்களைத் தடுக்க 2022இல் எடுக்கப்பட்ட முடிவு எதிர்ப்புக்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டது. ஐதராபாத்து, பெங்களூரு, சென்னை ஆகிய மூன்று பெருநகரங்களிலிருந்தும் மக்கள் வந்து சேரும் ஊர் திருப்பதி.

இவ்வட்டாரத்தின் மொழிநிலையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1911இல் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதி. 1960 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது; நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் ஆகிய ஊர்களின் தமிழர் ஆந்திரப் பிரதேசத்தில் நின்றனர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருமலையில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் செய்யப்படுவதை அங்குச் சென்றோர் அறிவர். பலகைகளிலும் தமிழுக்கு இடம் உண்டு. எனவே இப்பகுதியின் தமிழ்ப் பலகைக்கு இருவகை வாசகர் உளர். ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணி. மற்றவர் உள்ளூர்த் தமிழர். இவருள் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படித்தவர். தமிழைப் பேசுவார், தெலுங்கைப் படிப்பார். பலகை எழுதுவோர் இவ்விரண்டாம் வாசகரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

கீழே எண்ணிட்டுக் காட்டப்படும் தொடர்கள் வகைமாதிரிகளாக அமைக்கப்பட்டவை. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பலகையைச் சுட்டுவன அல்ல.

பெயரும் பெயரும்

தமிழ்நாட்டு வீட்டு வாயில்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பலகைத் தொடரிலிருந்து தொடங்கலாம்.

(1) நாய்கள் ஜாக்கிரதை

இதில் வினை இல்லை. பெயருக்கும் பெயருக்கும் இடையே உள்ள உறவைக் காட்டும் உருபும் இல்லை. வடிவத்தை மட்டும் நோக்கினால் 'நாய்கள் விழிப்பாக உள்ளன' என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. நகைச்சுவைத் துணுக்குகள் பலவற்றுக்கு இவ்வமைப்பே தோற்றுவாய். இதே செய்தியைத் தெலுங்கு வேறு வகையில் கூறுகிறது. 'குக்க உந்நதி ஜாக்ரத்த' என்பது அங்கு வழக்கம். நாய் இருக்கிறது என்பது முதற்கூற்று, கவனம் என்பது இரண்டாவது. கன்னடத்தின் 'நாயி இதெ எச்சரிக்கெ' என்பதும் அவ்வாறே. இரண்டு மொழிகளும் முதலில் ஓர் உண்மையைச் சொல்லிப் பின்னர் எச்சரிக்கின்றன. பாம்பெயி நகரில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட வீடொன்றின் தரைப்படத்தில் காணப்படும் இலத்தீன் எச்சரிக்கையோ ஏவல் வினையையும் செயப்படுபொருளையும் மட்டும் கொண்டது. அது நேரே வாசகனை விளிக்கிறது. தெலுங்கும் கன்னடமும் நிலைமையைத் தெரிவிக்கின்றன. தமிழ்த் தொடர் இரண்டையும் செய்யாமல் இரு சொற்களை அருகருகே வைத்து, எஞ்சியதை வாசகனின் உலகறிவுக்கு விட்டுவிடுகிறது.

வீட்டு வாயிலில் இதனால் தீங்கில்லை. பலகையே நாயின் குரைப்புக்கு முன்னுரையாக அமைந்துவிடுகிறது. பூங்காவில் நிலைமை வேறு. அங்கு நாய் எதிரியாகவும் இருக்கலாம், விருந்தினராகவும் இருக்கலாம். 'நாய்கள்' என்ற பெயரை மட்டும் கண்டவர் எதை எதிர்பார்ப்பது?

(2) நாய் பூங்கா

(3) நாய்ப் பூங்கா

பூங்கா என்பதை நிலைப்பெயராகக் கொண்ட தொகைச்சொற்கள் தமிழில் இரண்டு வகையாகப் பொருள் தருகின்றன. 'மான் பூங்கா' என்பது மான்களை உடைய, மான்களைப் பார்க்கச் செல்லும் இடம். 'சிறுவர் பூங்கா' என்பது சிறுவர்க்கு உரிய, சிறுவர் விளையாடும் இடம். மரபிலக்கணச் சொற்களில் கூறுவதாயின் முன்னது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பின்னது நான்காம் வேற்றுமையைச் சார்ந்தது. முதற்சொல் விலங்காயின் தமிழ்க் காது முதல் வகைப் பொருளையே விரைந்து எடுத்துக்கொள்கிறது. பாம்புப் பண்ணை, முதலைப் பண்ணை ஆகியவை பழகிய காதுக்கு 'நாய்ப் பூங்கா' என்பது நாய்கள் கூண்டுகளில் காட்சிக்கு வைக்கப்பட்ட இடமாகத் தோன்றுவது இயல்பே. திருப்பதியில் இது வெறும் கற்பனை ஐயம் அன்று. 1987இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா உயிரியல் பூங்கா அந்நகரை ஒட்டியே உள்ளது. 'பூங்கா' என்றவுடன் பயணிகளில் ஒரு பகுதியினர் எண்ணுவது அதனையே.

ஆங்கிலத்தில் நாய்க்கு நட்பான இடம் என்னும் பொருளில் வழங்கும் அடைமொழியைச் 'சூழலுக்கு உகந்த' என்பதன் அச்சில் 'நாய்களுக்கு உகந்த பூங்கா' எனப் பெயர்ப்பதும் உண்டு. சூழலுக்கு உகந்தது என்றால் சூழலைக் கெடுக்காதது. நாய்களுக்கு உகந்தது என்றால்? நாய்களின் உடல்நலத்துக்கு ஏற்றது என்றே பொருள்படும். அல்லது, தெருநாய்கள் நிறைந்த நம் ஊர்ச் சூழலில், அவை வந்து தங்குவதற்கு வசதியானது என்று பொருள்படும். நாயை வளர்ப்பவர் அதனுடன் வந்து உலவலாம் என்ற மூலக்கருத்து இரண்டிலும் இல்லை. மூலத்தில் நட்புக்கு உரியவர் உண்மையில் நாயன்று, நாயின் உரிமையாளர். அதனை நேரே சொல்லிவிடுவதே தமிழுக்கு இயல்பு: 'நாயுடன் வரலாம்'. இரண்டு சொற்கள், உடனிகழ்ச்சி உருபும் இசைவு தரும் வினையும் உள்ளமையால் ஐயத்துக்கு இடமில்லை.

'நகரவனம்' என்ற பெயரையும் இங்குச் சேர்த்து நோக்கலாம். 2020இல் நடுவண் அரசு அறிவித்த நகர வனத் திட்டத்தின் பெயர் தெலுங்கில் இயல்பாக ஒலிக்கிறது. அம்மொழியில் 'வனம்' காட்டையும் குறிக்கும், தோட்டத்தையும் குறிக்கும். பூங்காவுக்கு 'உத்யானவனம்' என்பதே ஏட்டு வழக்கு. இன்றைய தமிழில் வனம் என்றால் காடு மட்டுமே. வனத்துறை, வனவிலங்கு என்ற சொற்கள் அப்பொருளை இறுக்கிவிட்டன. எழுத்துப்பெயர்ப்பாக 'நகரவனம்' என்று மட்டும் எழுதப்பட்ட பலகையின் முன் நாயுடன் நிற்கும் தமிழ்ப் பயணி உள்ளே நுழையலாமா என்று தயங்கினால் அது அவர் குற்றமன்று.

அழைத்து வருதலும் கொண்டு வருதலும்

இச்சிறு வட்டத்தில் மிகுந்த செய்திகளைத் தருவது வினைத்தேர்வே ஆகும். தெலுங்கின் 'தீஸுகொனி ராவலெனு' என்னும் தொடர், வருவது மனிதராயினும் விலங்காயினும் பொருளாயினும் மாறுவதில்லை; குழந்தையையும் குடையையும் அதே வினையால் கூறலாம். ஆங்கில வினையும் அத்தகையதே. தமிழில் அவ்வாறு இயலாது. குடையைக் கொண்டு வருகிறோம். ஆசிரியரை அழைத்து வருகிறோம். தம்பியைக் கூட்டி வருகிறோம். மாட்டை ஓட்டி வருகிறோம். திருடனைப் பிடித்து வருகிறோம். கைக்குழந்தையைத் தூக்கி வருகிறோம். தெலுங்கிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்ப்பவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தமிழ் அவர் மேல் சுமத்துகிறது. நாய் யார் என்பதே அம்முடிவு.

(4) உணவுப் பொருள்கள், நெகிழிப் பைகள், செல்லப் பிராணிகள் கொண்டு வரக் கூடாது.

(5) வளர்ப்பு நாய்களை அழைத்து வரலாம்.

(4)இல் நாய் பொருள்களின் வரிசையில் நிற்கிறது. பட்டியலின் முதலிரு உறுப்புகளுக்கு ஏற்ற வினை மூன்றாவதற்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. (5)இல் அதே நாய் அழைக்கப்படும் தகுதி பெறுகிறது. தடை செய்யும்போது 'கொண்டு வருதல்', இசைவு தரும்போது 'அழைத்து வருதல்' என்ற இப்பகிர்வு தற்செயலானதன்று. இசைவளிக்கும் பலகை நாயை வளர்ப்பவரின் நோக்கிலிருந்தும், தடுக்கும் பலகை காவலரின் நோக்கிலிருந்தும் எழுதப்படுகின்றன. தொல்காப்பியம் வகுத்த திணைப் பாகுபாட்டின்படி நாய் அஃறிணை. நாயை வளர்ப்போர் வீட்டில் 'வந்தான்', 'சாப்பிட்டாளா' என்று பேசுவதும் அன்றாடம் கேட்கப்படுவதே. பலகைத்தமிழ் அந்த அளவுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் பயனிலை முடிபில் அஃறிணையாகவே இருந்துகொண்டு, துணைவினைத் தேர்வில் மட்டும் நாயை உயர்த்தும் வாய்ப்பு மொழியில் இருக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் நலம். (4)ஐத் திருத்துவதும் எளிது: பொருள்களுக்கு ஒரு வரி, விலங்குகளுக்குத் தனி வரி.

ஒரே பட்டியலில் அடுக்குவதன் தீமை அழகியலைச் சார்ந்தது மட்டும் அன்று. ஷாங்காய் நகரின் ஆற்றங்கரைப் பூங்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருந்த விதிப்பலகையில், பூங்கா அயல்நாட்டார்க்கே உரியது என்பது ஒரு விதி. நாய்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் இடமில்லை என்பது மற்றொரு விதி. மக்கள் நினைவு அவ்விரண்டையும் இணைத்து 'நாய்களுக்கும் சீனர்களுக்கும் இடமில்லை' என்ற ஒற்றைத் தொடராக ஆக்கிக்கொண்டது. 1928 வரை சீனர்கள் பொதுவாக உள்ளே விடப்படவில்லை என்ற அளவில் அந்நினைவு பொய்யன்று. தொடரை மட்டும் அது புதிதாகச் செய்துகொண்டது. 1932இல் பிரீதிலதா வத்தேதார் தலைமையில் தாக்கப்பட்ட சிட்டகாங் ஐரோப்பியர் மன்றத்தின் வாயிலில் இந்தியரையும் நாயையும் ஒருங்கே விலக்கிய பலகை இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற நான்காம் வேற்றுமைத் தொடரை ஓர் இந்திய வாசகர் இந்நினைவுகள் இன்றிப் படிப்பதில்லை.

அந்நான்காம் வேற்றுமையைப் பற்றி மேலும் ஒன்று.

(6) செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

இது தெலுங்கின் 'பெம்புடு ஜந்துவுலகு ப்ரவேசம் லேது' என்பதோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துச் செல்வது. பொதுவான திராவிடத் தொடரமைப்பு. அனுமதி மறுக்கப்படுவது பிராணிக்கு. பிராணிக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் தொடரில் இல்லை. ஆஸ்டின் 1962இல் வெளிவந்த தம் நூலில் விளக்கிய செயற்கூற்று நோக்கில் பார்த்தால், தடைவிதிக்கும் கூற்றுக்கு அதை ஏற்று நடக்கக்கூடிய ஒருவர் வேண்டும். (6)இல் அவ்விடம் வெறுமையாக உள்ளது. 'நாயுடன் உள்ளே வர வேண்டாம்' என்றால் பேசப்படுபவர் தெளிவு. 'வேண்டாம்' கடுமை குறைந்தது என்று அலுவலர் கருதலாம். பலகையின் வலிமை கடுமையில் இல்லை.

இடையில் சொல்தேர்வு பற்றி ஒரு குறிப்பு. 'ஜந்துவு' தெலுங்கில் விலங்கைக் குறிக்கும் பொதுச்சொல். தமிழில் 'ஜந்து' என்றால் விஷ ஜந்து நினைவுக்கு வரும். எனவே தமிழில் 'பிராணி' என்று ஆள்வதே சரி. தூய தமிழ் வேண்டுவோர் 'விலங்கு' என்பர். அது கைவிலங்கும் ஆகும் என்பது அறிந்ததே. ஆனால் நாயை மட்டும் கருதிய இடத்தில் 'செல்லப் பிராணி' என்று மறைத்துக் கூறுவது ஏன்? வசைச்சொல்லாகவும் வழங்குவதால் 'நாய்' என்று எழுதக் கூசுகிறார்கள் போலும். அக்கூச்சத்தின் விளைவாக, பூனையையும் கிளியையும் கொண்டு வரலாமா என்ற தேவையற்ற வினா எழுகிறது. நாய் என்றே எழுதலாம்.

சங்கிலியும் கொலுசும்

நாயைப் பிடித்துச் செல்லும் வார் அல்லது சங்கிலிக்குத் தமிழில் நிலைபெற்ற ஒரே சொல் இல்லை. சங்கிலி, கயிறு, வார், பெல்ட் எனப் பலவாறு வழங்குகின்றனர். தெலுங்கில் சங்கிலிக்குப் பொதுச்சொல் 'கொலுசு' (முதலெழுத்துக் குரலொலியுடன்). அதே சொல் தமிழில் பெண்களின் கால் அணியாகச் சுருங்கிவிட்டது. மறுதலையாக, தமிழின் 'சங்கிலி'க்கு இனமான தெலுங்குச் சொல் கைவிலங்கையும் தளையையும் குறிக்கும். ஒரே பொருட்புலத்தில் இரண்டு சொற்கள் எல்லையைக் கடக்கும்போது ஒன்று அணியாகிறது, மற்றொன்று தளையாகிறது! பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் 'நாயைக் கொலுசுடன் அழைத்து வரவும்' என்று எழுதிவிட மாட்டார். ஆனால் அத்தகைய வழுவிலிருந்து தப்பும் பொருட்டு அவர் அடைக்கலம் புகும் 'கட்டி அழைத்து வரவும்' என்ற தொடரும் நிறைவானதன்று. கட்டுதல் என்றால் தூணில் கட்டுதலும் ஆகும். 'சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வரவும்' என்பது நீளம்; ஆனால் சங்கிலியின் மறுமுனை யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அது ஒன்றுதான் சொல்கிறது.

'செத்தை'யும் இத்தகையதே. தெலுங்கில் 'செத்த' என்பது எல்லாக் குப்பையையும் குறிக்கும். தமிழில் செத்தை உலர்ந்த இலையும் சுள்ளியும். பூங்காவில் செத்தை போடாதீர் என்றால் மரங்களைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கும்.

சங்கிலியை அவிழ்த்து நாயை ஓடவிடும் வேலியிட்ட பகுதியைக் குறிக்க ஆங்கிலம் ஒரு எதிர்மறை அடைமொழியைப் பயன்படுத்துகிறது. அதனைச் 'சங்கிலியற்ற மண்டலம்' என்று பெயர்ப்பது அலுவலகத் தமிழின் பழக்கம். 'இங்கு நாயை அவிழ்த்து விடலாம்' என்பது பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் பொதுவான, எவரும் அறிந்த தொடர். இசைவு குறிக்கும் '-லாம்' நம் பொதுவிடப் பலகைகளில் அரிதாகவே காணப்படுகிறது என்பதும் சுட்டத்தக்கது. '-ஆதீர்', '-க் கூடாது', 'தடை செய்யப்பட்டுள்ளது', 'மீறினால் தண்டனைக்கு உள்ளாவர்' என்று மறுப்பின் இலக்கணம் செழித்திருக்கும் அளவுக்கு இசைவின் இலக்கணம் செழிக்கவில்லை. நாயுடன் வரலாம் என்று சொல்ல முன்வரும் பூங்கா, தமிழ்ப் பலகைக்கு ஒரு புதிய தொடர்வகையையே தர வேண்டியிருக்கிறது.

நாயின் கழிவைப் பற்றிய அறிவிப்பில் 'அசுத்தம் செய்யாதீர்' என்பதே வழக்கமான புகலிடம். அச்சொல் மனிதரை நோக்கிப் பிறந்தது. சுவரோரம் நிற்பவரை விலக்க எழுந்தது. நாயுடன் வந்தவர் அதைத் தமக்கு உரியதாகக் கருத மாட்டார். செய்ய வேண்டிய செயலோ மூன்று படிகளைக் கொண்டது: எடுத்தல், பையில் இடுதல், தொட்டியில் சேர்த்தல். வினையெச்சங்களை அடுக்கிச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு இயல்பாக உண்டு.

(7) நாயின் கழிவை எடுத்துப் பையில் இட்டுக் குப்பைத் தொட்டியில் போடவும்.

ஒரே எழுவாய், ஒரே முற்று, இடையில் இரண்டு எச்சம். '-அவும்' என்ற முடிபு பழைய வியங்கோளின் வேலையைச் செய்கிறது. பேசப்படுபவர் சிறியவரா பெரியவரா என்ற மரியாதை வினாவை அது எழுப்புவதில்லை.

உணவிடும் இடம்

இதுவரை கூறியவை பெரும்பாலும் வசதி பற்றியவை. உயிர் பற்றியவையும் உள்ளன.

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும், ஏறத்தாழ 3,550 படிகளைக் கொண்ட மலைப்பாதையில் 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தை தாக்கி உயிரிழந்தாள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சிறுவன் தாக்கப்பட்டுப் பிழைத்தான். அதன் பின்னர் சிறுவர்கள் பிற்பகலுக்கு மேல் அப்பாதையில் செல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பயணிகளுக்குக் கைத்தடி வழங்கப்பட்டது. வழியில் விலங்குகளுக்கு உணவிடுவது தடுக்கப்பட்டது. சிறுத்தை நாயை இரையாகக் கொள்ளும் விலங்கு என்பது விலங்கியலார் நன்கறிந்த செய்தி. உணவுக் கழிவு நாயை ஈர்க்கும். நாய் சிறுத்தையை ஈர்க்கும். எனவே மலைப்பாதையில் நாய்க்கு உணவிடாதே என்ற பலகை உண்மையில் குழந்தையைக் காக்கும் பலகை. அத்தொடர்பைப் பலகை சொல்லாவிடில் பயணி அதை அறிய வழியில்லை. மலையேறுபவருக்கு வாயில்லாப் பிராணிக்கு உணவிடுவது புண்ணியம். புண்ணியத்தைத் தடுக்கும் பலகைக்குக் காரணம் சொல்லும் கடமை உண்டு.

(8) சிறுத்தை சஞ்சாரப் பகுதி. விலங்குகளுக்கு உணவளித்தல் தடை செய்யப்பட்டுள்ளது.

(9) இங்குச் சிறுத்தை நடமாடுகிறது. நாய்க்கு உணவு போட்டால் நாயைத் தேடிச் சிறுத்தை வரும். உணவு போட வேண்டாம். குழந்தையின் கையை விடாதீர்கள்.

'சஞ்சாரம்' தெலுங்குச் செய்தித்தாள்களில் சிறுத்தைக்கு நிலைபெற்ற சொல். தமிழில் அச்சொல்லுக்குரியவர்கள் மடாதிபதிகள். (8)ஐப் படிக்கும் தமிழர் பொருளை ஊகித்துக்கொள்வார். அச்சம் மட்டும் பிறக்காது. மேலும் அதன் இரு தொடர்களும் ஒன்றோடொன்று காரணத்தால் பிணைக்கப்படவில்லை. (9)இல் '-ஆல்' என்ற நிபந்தனை எச்சம் அப்பிணைப்பைச் செய்கிறது. (9) இடத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஐந்து மொழிகளுக்கு ஒரே பலகையில் சம இடம் பகிர்ந்தால் எம்மொழியிலும் காரணம் சொல்ல இயலாது. சமத்துவம் இங்குக் குறுக்கத்தின் வேறு பெயராகிவிடுகிறது. மொழிக்கொரு பலகையாகச் சில அடி இடைவெளியில் நிறுத்துவது இதற்கு ஒரு தீர்வு.

மாநகரப் பகுதிகளுக்கு வேறொரு வகைப் பலகை தேவைப்பட்டுள்ளது. 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தெருநாய்களுக்கு உணவிடுவதற்கெனத் தனியிடங்களை உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்க வேண்டும் என்றும், அவ்விடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் பலகைகளை அருகே வைக்க வேண்டும் என்றும் கூறியது. ஒரு நீதிமன்ற ஆணையே பலகையின் உள்ளடக்கத்தை வரையறுத்த அரிய நேர்வு இது. அதனைத் தமிழில் எழுதுவோர் 'மட்டும்' என்ற இடைச்சொல்லையும் 'வேண்டும்' என்ற துணைவினையையும் எடைபோட்டே ஆக வேண்டும்.

(10) இங்கு மட்டும் தெருநாய்களுக்கு உணவளிக்க வேண்டும்.

(11) இங்குத் தெருநாய்களுக்கு மட்டும் உணவளிக்கலாம்.

(12) தெருநாய்களுக்கு இங்கு மட்டுமே உணவளிக்கலாம். வேறிடத்தில் உணவளிக்கக் கூடாது.

(10) ஆணையின் சொல்லுக்கு மிக நெருங்கியது. ஆனால் பலகையாக அது தவறான செயலைச் செய்கிறது. வழிப்போக்கர் அதைப் படித்தால் உணவளிப்பது தம் கடமை என்று கொள்ள இடமிருக்கிறது. ஆணையின் கட்டாயம் இடத்தைப் பற்றியது, செயலைப் பற்றியதன்று. தமிழின் 'வேண்டும்' இரண்டையும் ஒருங்கே தழுவிக்கொள்கிறது. (11)இல் 'மட்டும்' இடம் மாறியதால் வளர்ப்பு நாயும் பூனையும் விலக்கப்பட்டு, இடவரையறை கைநழுவிவிட்டது. (12)இல் இசைவும் மறுப்பும் தனித்தனித் தொடராக நிற்கின்றன. ஒரு தொடரில் அடங்கிய மூலத்தை இரண்டாகப் பிரிப்பது மூலத்துக்கு இரண்டகம் செய்வதாகாது. மூலத்தின் சொல்லை விடப் பெயர்ப்பின் நோக்கமே முதன்மை என்று ஜெர்மானிய அறிஞர் வெர்மீர் வலியுறுத்திய நிலை, பிற நூல்வகைகளில் எவ்வளவு விவாதத்துக்கு உரியதாயினும், பலகைக்கு முற்றும் பொருந்தும்.

'தெருநாய்' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 'சமூக விலங்கு' என்ற கருத்தைக் கொணர்ந்தன. 'சமூக நாய்' என்று பலகையில் எழுதினால் யாருக்கும் விளங்காது. தெலுங்கின் 'வீதி குக்க'வும் தமிழின் 'தெருநாய்'உம் இடத்தால் பெயர் பெற்றவை. இழிவுப் பொருள் அவற்றில் சிறிதளவே. அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தும் வாசகரும்

உள்ளூர்த் தமிழர் பற்றி முன்னர்க் குறிப்பிடப்பட்டது. இவர்களுக்கு (12) பயன்படாது. அவர்கள் அருகிலுள்ள தெலுங்கு வரியையே படிப்பர். ஆகவே தெலுங்கு வரியின் தரம் தமிழர் நலனும் ஆகும். தெலுங்கு வரியிலும் 'நிஷேதிஞ்சபடினதி' போன்ற ஏட்டுவழக்கைக் குறைத்து, இரு மொழியினர்க்கும் பொதுவாக விளங்கும் சொற்களைத் தேர்ந்து எழுதினால் ஒரே வரி இரு சமூகங்களுக்குப் பயன்படும். குப்வார் என்னும் எல்லைக் கிராமத்தில் மொழிகள் நெருங்கி வந்த தன்மையைக் கம்பர்சும் வில்சனும் 1971இல் விளக்கினர். சித்தூர்ப் பகுதியிலும் பேச்சுவழக்குகள் தம்முள் பகிர்ந்துகொண்ட தொடரமைப்புகள் பல. பலகை எழுதுவோர் அவற்றைக் கேட்டறிய நூலகம் செல்ல வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். எழுதிய வரியை அங்கேயே பத்துப் பேரிடம் காட்டி 'இதைப் படித்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பதும் எளிது. 'பொருள் விளங்குகிறதா?' என்று கேட்டல் போதாது. விளங்குகிறது என்றே எல்லாரும் சொல்வர்.

மேற்கூறியவற்றைக் கொண்டு, நாயுடன் வருவோரை ஏற்கும் ஒரு சிறு பூங்காவின் வாயிலுக்கான தமிழ்ப் பலகை பின்வருமாறு அமையலாம்:

நாயுடன் வரலாம்.
சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வரவும்.
வேலிக்குள் மட்டும் நாயை அவிழ்த்து விடலாம்.
நாயின் கழிவை எடுத்துப் பையில் இட்டுக் குப்பைத் தொட்டியில் போடவும்.
நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

இறுதி வரி எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கத் தகுந்தது. வெறிநாய்க்கடிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முதலுதவியே அது. அவ்வரியில் 'நாய் கடித்தால்' என்பது எழுவாய்த் தொடர் ஆதலின் வல்லெழுத்து மிகாது. 'நாய்க்கடி' என்பது தொகை ஆதலின் மிகும். பலகை எழுதும் ஓவியர் பெரும்பாலும் மெய்யெழுத்தை இடத்துக்கேற்ப விடவும் சேர்க்கவும் செய்வார். வரைவுடன் அச்செடுத்த பெரிய எழுத்துப் படியையும் அவரிடம் கொடுத்து, எழுதி முடித்தபின் நிறுத்துவதற்கு முன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.